நெல்லை அவித்தலும் அரிசியைத் தீட்டுதலும்

நெல் பயிரிடும் குடியானவர் தம் உழைப்பின் பலனை மூன்று இடங்களில் அளந்து பார்ப்பது வழக்கம். வயலில் கதிரைக் கண்டு மதிப்பிடுவர். களத்தில் மரக்கால் கொண்டு அளப்பர். மில்லிலிருந்து மூட்டை திரும்பியபின் நூறு கிலோ நெல்லுக்கு எத்தனை கிலோ அரிசி கண்டது என்று கணக்கிடுவர். இம்மூன்று அளவைகளிலும் குறைவின்றித் தேறிய நெல், உண்பவர் உடலில் போதிய பலன் தராமற்போவதும் உண்டு. விளைச்சலில் ஒரு குறையும் இல்லாதிருக்க, அவ்விளைச்சலை வயிறார உண்ட மக்கள் கால் வீங்கி, மூச்சுத் திணறி மாண்ட வரலாறு, ஆசியாவில் நெல் விளையும் நாடுகள் பலவற்றில் நிகழ்ந்திருக்கிறது. அவ்வியாதிக்குப் பெரிபெரி என்று பெயர். அதன் காரணத்தை ஆராயத் தொடங்கிய 1886ஆம் ஆண்டு முதல், அதனைத் தடுக்கும் சத்தைச் செயற்கையாக ஆக்கிய 1936ஆம் ஆண்டு வரை, ஐம்பது ஆண்டுகள் கழிந்தன. அந்த ஆராய்ச்சிகளின் முடிவு, தமிழ்நாட்டுக் குடும்பங்கள் நெடுங்காலமாக வீட்டு முற்றத்திலேயே செய்துவந்த ஒரு வேலையை, அதாவது நெல்லை அவிக்கும் வேலையை, முற்றிலும் நியாயப்படுத்திற்று. அவ்வரலாற்றையும், அதிலிருந்து நிலச் சொந்தக்காரரும் கிராம அதிகாரிகளும் கைக்கொள்ளத்தக்க முறைகளையும் இக்கட்டுரை எடுத்துக் கூறுகிறது.

வியாதியின் தன்மை

பெரிபெரி என்னும் சொல் சிங்கள மொழியிலிருந்து வந்தது என்றும், "முடியாது, முடியாது" என்று பொருள்படும் என்றும் பொதுவாகக் கூறுவர். வியாதியும் பெயருக்கேற்பவே தொடங்குகிறது. முதலில் கால்கள் கனக்கும், ஆடுசதையை அழுத்தினால் நோகும், பாதங்கள் மரத்துப்போகும். குந்தி உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழுந்திருக்க இயலாமற்போகும். நாளடைவில் சிலருக்குச் சதை வற்றிக் கால்கள் சூம்பிவிடும். வேறு சிலருக்கு உடம்பில் நீர் கோத்து, இருதயம் பருத்து, எதிர்பாராத வேளையில் மரணம் நேரும்.

கைக்குழந்தைகளைப் பற்றும்போது இவ்வியாதி மேலும் கொடியது. தாய் நோயின்றி நடமாடிக்கொண்டிருப்பாள். ஆனால் அவள் பாலில் இருக்க வேண்டிய சத்து இராது. தாய்ப்பால் ஒன்றையே உண்டு கொழுகொழுவென்று இருந்த குழந்தை, பெரும்பாலும் இரண்டாம் மாதத்திற்கும் ஐந்தாம் மாதத்திற்கும் இடையில், பால் குடிக்க மறுக்கும், குரல் கம்மும், அழுவதுபோல் முகம் கோணினும் ஒலி வராது. தக்க சிகிச்சை உடனே கிடைக்காவிடில் சில மணி நேரத்திலேயே இறந்துவிடுவதும் உண்டு. மாந்தம் என்றும் தோஷம் என்றும் எண்ணி இத்தகைய குழந்தைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் எத்தனையோ.

இவ்வியாதிக்கு மற்றொரு விசேஷமும் உண்டு. பயறு, காய்கறி, மீன், பால் முதலிய துணை ஆகாரங்கள் குறைந்து, வெள்ளைச் சோற்றால் மட்டும் வயிற்றை நிரப்பி, கடினமாக உழைப்பவரையே இது மிகுதியாகப் பற்றும். ஆகவே வயிறு நிரம்பியதா என்று மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இதன் காரணம் எளிதில் புலப்படாது.

ஜாவாத் தீவில் கோழிகள் கற்பித்தது

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இயந்திர சக்தியால் இயங்கும் அரிசி மில்கள் தென்கிழக்கு ஆசிய நாடுகளில் பரவின. உரலில் குத்திய அரிசியைக் காட்டிலும் வெண்மையான அரிசி மலிவாகவும் மிகுதியாகவும் கிடைத்தது. அதே காலத்தில் சிப்பாய்களிடையிலும், சிறைச்சாலைகளிலும், சுரங்கத் தொழிலாளரிடையிலும் பெரிபெரி பெருகிற்று. எனினும் இரண்டையும் தொடர்புபடுத்திப் பார்த்தவர் சிலரே. வியாதிகளுக்கெல்லாம் கிருமிகளே காரணம் என்ற புதிய கொள்கை ஓங்கியிருந்த காலம் அது.

1886ஆம் ஆண்டில் டச்சு அரசாங்கத்தார் பெக்கெல்ஹாரிங், விங்க்ளர் என்னும் இரு நிபுணர்களைப் பெரிபெரிக் கிருமியைக் கண்டுபிடிக்கும்படி ஜாவாவுக்கு அனுப்பினர். அவர்களுக்கு உதவியாகச் சென்ற எய்க்மன் என்னும் இராணுவ மருத்துவர், 1888இல் இன்றைய ஜகார்த்தாவாகிய படேவியாவில் ஏற்பட்ட ஆராய்ச்சிசாலைக்குத் தலைவரானார். கோழிகளுக்கு ஊசி மூலம் வியாதியை ஏற்றிப் பார்ப்பது அவருடைய நோக்கம். ஆனால் 1889இல், ஊசி போடப்பட்ட கோழிகளும் போடப்படாத கோழிகளும் ஒன்றுபோலவே கால் தளர்ந்து விழுந்தன. சில மாதங்கள் கழித்து, எவ்விதச் சிகிச்சையுமின்றி எல்லாக் கோழிகளும் குணமடைந்தன.

இதன் காரணத்தை விசாரித்ததில் ஓர் எளிய செய்தி வெளிப்பட்டது. கோழிகளுக்கு இரை போடும் பணியாள், செலவைக் குறைப்பதற்காக, இராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைப் போட்டுவந்தான். பின்னர் வந்த புதிய சமையற்காரர், இராணுவத்தாருக்குரிய சோற்றை வெளியார் கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டார். அதன்பின் தவிடு போகாத மட்ட அரிசியே கோழிகளுக்கு இரையாயிற்று, வியாதியும் நீங்கிற்று. எய்க்மன் இதனைப் பலமுறை பரீட்சித்து, தீட்டிய அரிசி வியாதியை உண்டாக்குகிறது என்றும், அரிசியின் மேல்தோலில் அதனைத் தடுக்கும் பொருள் உள்ளது என்றும் நிச்சயித்தார். எனினும் மாவுச்சத்தில் ஒருவித விஷம் இருக்கிறது என்றும், தவிடு அதனை முறிக்கிறது என்றுமே அவர் கருதினார். அவருக்குப் பின் அவ்வேலையை ஏற்ற கிரைன்ஸ் என்பவர், 1901இல் அக்கருத்தைத் திருத்தினார். அரிசியில் விஷம் ஏதும் இல்லை. உயிர் வாழ்வதற்கு வேண்டிய ஒரு பொருள் தவிட்டுடன் நீங்கிவிடுவதே வியாதிக்குக் காரணம் என்று அவர் முடிவு செய்தார். அப்பொருள் பச்சைப்பயற்றிலும் இருப்பதை அவர் கண்டது நம் விவசாயிகள் நினைவில் வைக்கத்தக்கது.

சிறைச்சாலைக் கணக்கு

கோழிக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேருமா என்ற ஐயம் எழுவது இயல்பே. ஜாவாவிலும் மதுராத் தீவிலும் பொதுச் சுகாதார அதிகாரியாக இருந்த வோர்டர்மன், இதற்கு விடை காணும் எளிய வழியொன்றைக் கண்டார். அந்நாட்டுச் சிறைச்சாலைகளில், அந்தந்த வட்டாரத்தின் வழக்கப்படி, சிலவற்றில் தீட்டிய அரிசியும், சிலவற்றில் தவிடு நீங்காத அரிசியும், சிலவற்றில் இரண்டும் கலந்த அரிசியும் வழங்கப்பட்டு வந்தன. அவர் 101 சிறைகளைச் சேர்ந்த ஏறக்குறைய 2,80,000 கைதிகளின் விவரங்களைத் திரட்டி 1897இல் வெளியிட்டார். தவிடு நீங்காத அரிசி வழங்கிய சிறைகளில் 10,000 பேருக்கு ஒருவர் என்ற அளவிலேயே பெரிபெரி கண்டிருந்தது. தீட்டிய அரிசி வழங்கிய சிறைகளிலோ 39 பேருக்கு ஒருவர் என்ற அளவில் கண்டிருந்தது. இந்த வித்தியாசத்தை வெளிப்படுத்தியது விலையுயர்ந்த கருவி எதுவும் அன்று. அந்தந்த இடத்தில் ஒழுங்காக எழுதி வைக்கப்பட்ட கணக்கே ஆகும்.

மலாய் நாட்டில் தமிழ்த் தொழிலாளர்

மலாய் நாட்டில் நடைபெற்ற ஆராய்ச்சி தமிழருக்கு நேர்முகமான தொடர்புடையது. அங்கு ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர், சயாம் தேசத்திலிருந்து வந்த தீட்டிய பச்சரிசியை உண்டு ஏராளமாகப் பெரிபெரிக்கு இரையாயினர். அதே நாட்டில், அதே வெயிலிலும் மழையிலும் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளரிடையே அவ்வியாதி அரிதாகவே காணப்பட்டது. அங்கு மருத்துவ அதிகாரியாக இருந்த பிராடன் என்பவர் இவ்வேறுபாட்டை ஆராய்ந்தார். தமிழர் தம் ஊர் வழக்கத்தை விடாமல் புழுங்கலரிசியே உண்டுவந்ததுதான் அவர்களைக் காத்தது என்று 1907இல் வெளியிட்ட நூலில் அவர் எடுத்துக் காட்டினார்.

கோலாலம்பூரில் இருந்த மனநோயாளர் விடுதியில் பிளெட்சர் என்னும் மருத்துவர் 1905ஆம் ஆண்டின் இறுதியில் இதனை நேரிற் பரீட்சித்தார். அங்கிருந்தவர்களை இரு பகுதியாகப் பிரித்து, ஏறக்குறைய 120 பேர் கொண்ட ஒரு பகுதியாருக்குத் தீட்டிய பச்சரிசியும், அவ்வளவே கொண்ட மறுபகுதியாருக்குப் புழுங்கலரிசியும் அளித்துவந்தார். மற்ற ஆகாரங்கள் இருசாராருக்கும் ஒன்றே. பச்சரிசி உண்டவர்களில் பலருக்குப் பெரிபெரி கண்டு, 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்டவர்களில் இவ்வியாதியால் ஒருவரும் இறக்கவில்லை. தன் விருப்பத்தைச் சொல்ல இயலாத நோயாளரைக் கொண்டு இவ்விதம் பரீட்சிப்பதை இன்றைய மருத்துவ நெறி அனுமதிக்காது. அவர்கள் உயிரைக் கொடுத்துப் பெறப்பட்ட அறிவு ஆதலின், அதனைப் பயன்படுத்தாமல் விடுவது நமக்குத் தகாது.

பின்னர் பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர், காட்டினூடே சாலை போட்ட ஏறக்குறைய 300 ஜாவானியத் தொழிலாளரிடையே இதனை மீண்டும் ஆராய்ந்து 1909இல் முடிவை வெளியிட்டனர். பச்சரிசி உண்ட கூட்டத்தில் ஏறக்குறைய மூன்று மாதத்தில் வியாதி தோன்றிற்று; புழுங்கலரிசி உண்ட கூட்டத்தில் தோன்றவில்லை. கூட்டங்களுக்குரிய அரிசியை மாற்றியபோது வியாதியும் இடம் மாறிற்று. இதனால் இடமும் காற்றும் தொற்றும் காரணமல்ல, அரிசியின் பக்குவமே காரணம் என்பது ஐயத்திற்கிடமின்றி விளங்கிற்று.

தவிட்டிலிருந்து கிடைத்த உயிர்ச்சத்து

இனி, தவிட்டிலுள்ள அப்பொருள் யாது என்று அறிவதே மிச்சம். மணிலாவில் வெட்டர் என்னும் அமெரிக்க இராணுவ மருத்துவர், 1910இல் அரிசித் தவிட்டிலிருந்து எடுத்த சாரத்தை ஆராயுமாறு வில்லியம்ஸ் என்னும் இளம் ரசாயன நிபுணரிடம் கொடுத்தார். குரல் ஒடுங்கிச் சாகுந் தறுவாயிலிருந்த ஒரு குழந்தைக்கு அச்சாரத்தைத் துளித்துளியாகப் புகட்ட, அது சிறிது நேரத்தில் தேறியதை வில்லியம்ஸ் கண்டார். அந்நாள் முதல் இருபத்தாறு ஆண்டுகள் அவர் அப்பொருளையே தேடினார். இவர் 1886இல் பிறந்த ஊர் அப்போது சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த நெல்லூர் என்பது குறிப்பிடத்தக்கது. 1912இல் பங்க் என்னும் போலந்து நாட்டு அறிஞர் இத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் என்ற பொதுப் பெயரை வழங்கினார். 1926இல் யான்சன், டோனாத் என்னும் இருவர், எய்க்மன் இருந்த அதே ஆராய்ச்சிசாலையில், தவிட்டிலிருந்து இவ்வுயிர்ச்சத்தைத் தூய உப்புப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். 1936இல் வில்லியம்ஸ் அதனைச் செயற்கையாகவே ஆக்கினார். இதுவே வைட்டமின் பி1 அல்லது தயமின் எனப்படுவது. எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

மாவுச்சத்தை உடல் சக்தியாக மாற்றிக்கொள்வதற்கு இவ்வுயிர்ச்சத்து இன்றியமையாதது. ஆதலின் சோறு எவ்வளவு மிகுதியாக உண்கிறோமோ அவ்வளவு மிகுதியாக இதுவும் வேண்டும். தவிட்டை முற்றும் நீக்கிய அரிசியோ, தேவையை மட்டும் பெருக்கி, அதற்குரிய சத்தை அளிக்காமல் விடுகிறது.

சென்னை ராஜதானியின் இரு பகுதிகள்

இந்தியாவில் இவ்வியாதியை ஆராய்வதற்காக, 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் மக்கேரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி விசாரணையைத் தொடங்கினார். வேளாண் ரசாயன நிபுணராகிய நாரிஸுடன் சேர்ந்து, அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அவர் 1924இல் விரிவான அறிக்கை வெளியிட்டார். அச்சிறிய விசாரணையே வளர்ந்து உணவு ஆராய்ச்சிசாலையாகி, 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969 முதல் தேசிய உணவூட்ட நிறுவனம் எனப் பெயர் பெற்றது.

அக்காலத்துச் சென்னை ராஜதானி, இயற்கையே ஏற்படுத்தியதொரு பரீட்சை நிலம்போல் அமைந்திருந்தது. வடக்கே விசாகப்பட்டினம், கோதாவரி, கிருஷ்ணா, குண்டூர், நெல்லூர் முதலிய கடற்கரை ஜில்லாக்கள் நீர்வளமும் நெல்வளமும் மிக்கவை. அங்கு மக்கள் உண்டது மில்லில் தீட்டிய பச்சரிசி. தெற்கே தமிழ் ஜில்லாக்களில் பெரும்பாலோர் உண்டது புழுங்கலரிசி. ராஜதானியில் பெரிபெரி ஊன்றி நின்ற இடம் அவ்வடகடற்கரையே. தமிழ் ஜில்லாக்களில் அது அரிது. 1935 முதல் 1945 வரை குன்னூரில் தலைவராக இருந்த எய்க்ராய்டும் அவருடைய சகாக்களும் இதனைத் தெளிவாக எடுத்துக் காட்டினர். எய்க்ராய்டும் கிருஷ்ணனும், பெரிபெரி உள்ள பகுதியில் கைக்குழந்தைகளின் மரணத்தைப் பற்றி ஆராய்ந்து 1941இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். குழந்தை இறந்தது எந்த மாதத்தில் என்று பிரித்துப் பார்த்தாலன்றி இவ்வியாதியின் சுவடு தெரியாது. நெல் குறைவின்றி விளையும் நாட்டிலும் சத்துக் குறைவால் குழந்தைகள் மாளக் கூடும் என்பதே இதனால் நாம் அறியும் பாடம்.

அவிக்கும்போது நெல்லுக்குள் நிகழ்வது

நெல்மணியின் உமிக்குள் தவிட்டுத் தோலும், ஒரு நுனியில் முளையும், நடுவில் மாவும் உள்ளன. உயிர்ச்சத்தின் பெரும்பகுதி தவிட்டிலும் முளையை அடுத்த பாகத்திலும் தங்கியிருக்கும். பச்சை நெல்லை அப்படியே அரைத்துத் தீட்டினால் இவ்விரண்டும் உதிர்ந்து, மாவு மட்டும் மிஞ்சும்.

நெல்லை ஊறவைக்கும்போது இவ்வுயிர்ச்சத்து நீரில் கரைந்து மணியின் உட்புறம் இறங்குகிறது. ஆவியில் அவிக்கும்போது மாவு இளகிப் பசைபோலாகி, காயும்போது இறுகி, உள்ளிறங்கிய சத்தைப் பிடித்துக்கொள்கிறது. முளையை அடுத்த பாகமும் மணியோடு நன்கு ஒட்டிக்கொள்கிறது. ஆகவே பிறகு தீட்டினாலும் சத்து முழுவதும் போய்விடுவதில்லை.

தேசிய உணவூட்ட நிறுவனத்தின் உணவுப் பட்டியலில் 100 கிராமுக்குக் கண்ட தயமின் அளவுகள் பின்வருமாறு: மில்லில் தீட்டிய பச்சரிசி 0.06 மில்லிகிராம், கைக்குத்தல் பச்சரிசி 0.21, மில்லில் தீட்டிய புழுங்கலரிசி 0.21, கைக்குத்தல் புழுங்கலரிசி 0.27, அரிசித் தவிடு 2.70. வயதுவந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.2 மில்லிகிராம் தேவை. நாளொன்றுக்கு அரைக் கிலோ அரிசி உண்ணும் உழைப்பாளிக்கு, தீட்டிய பச்சரிசியால் கிடைப்பது 0.3 மில்லிகிராம், அதுவும் கழுவிச் சமைக்கும்முன் உள்ள கணக்கு. அவ்வளவே புழுங்கலரிசியில் 1 மில்லிகிராமுக்குச் சிறிது கூடுதலாகக் கிடைக்கும். மில்லில் தீட்டிய புழுங்கலரிசி, உரலில் குத்திய பச்சரிசிக்கு இவ்விஷயத்தில் இளைத்ததன்று என்பதும் இக்கணக்கினால் விளங்கும். உலக்கை பிடிக்க ஆள் கிடைக்காத இக்காலத்தில் இது பெரும் ஆறுதல்.

நெல்லை அவிப்பதால் விவசாயிக்கு வேறு லாபங்களும் உண்டு. அவித்த நெல் அரைக்கும்போது குறைவாக உடைவதால் நொய் குறைந்து முழு அரிசி கூடும். அரிசி கடினமாவதால் வண்டு எளிதில் துளைக்காது. அவித்த நெல்லின் தவிடு விரைவில் காறாது. அதில் எண்ணெயும் மிகுதி.

நெல்லை அவிக்கும் செம்மையான முறை

புழுங்கலரிசியை வெறுப்போர் கூறும் குறை, அதன் நாற்றமும் நிறமுமே. அது புழுங்கலின் குற்றமன்று. ஊறவைக்கும் முறையின் குற்றம். குளிர்ந்த நீரில் நெல்லை இரண்டு மூன்று நாள் மாற்றாமல் ஊறவைத்தால் நீர் புளித்து, அந்நாற்றம் அரிசியில் ஏறிவிடும். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் இதற்கு மாற்றாக வெந்நீரில் ஊறவைக்கும் முறையை வகுத்துள்ளனர். அதன் சுருக்கம் வருமாறு:

1. நெல்லைத் தூற்றி, நீரிலிட்டு, மிதக்கும் பதரை நீக்குக. வெவ்வேறு ரக நெல்லைக் கலக்கலாகாது. ஒவ்வொன்றும் ஊறும் நேரம் வேறு.

2. தொட்டியில் நீரைச் சூடாக்கி நெல்லைக் கொட்டுக. நெல் விழுந்தபின் சூடு 65 முதல் 70 டிகிரி சென்டிகிரேடு வரை நிற்க வேண்டும். இச்சூட்டில் மூன்று முதல் மூன்றரை மணி நேரம் ஊறினால் போதும்.

3. நீரை வடித்து, ஆவியில் அவித்திடுக. ஆவி நெல்லின் மேற்பரப்பு முழுவதிலும் எழுந்து, உமி சிறிது வாய் திறந்ததும் நிறுத்துக. மேலும் அவித்தால் நிறம் கறுக்கும்.

4. களத்தில் மெல்லிய படுகையாகப் பரப்பி அடிக்கடி கிண்டிவிடுக. முக்கால் பங்கு காய்ந்ததும் குவித்துச் சில மணி நேரம் ஆறவிட்டு, மறுபடி பரப்பி உலர்த்துக. ஒரே மூச்சில் கடும் வெயிலில் காய்ந்த நெல்லில் வெடிப்பு விழுந்து, அரைவையில் நொறுங்கும்.

5. ஈரப்பதம் 14 சதவிகிதத்திற்கு மேற்படாதவாறு உலர்த்தியபின்னரே மூட்டை கட்டுக. அவித்த நெல்லை ஈரத்தோடு குவித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

கொதிகலனுக்கு உமியே விறகாகும். தனியே செய்ய இயலாதவர், ஐந்தாறு குடும்பத்தார் சேர்ந்து ஒரு தொட்டியும் ஒரு களமும் அமைத்துக்கொள்ளலாம்.

அரைவையும் சமையலும்

மில்லுக்கு நெல் அனுப்பும்போது, எவ்வளவு தீட்ட வேண்டும் என்பதைச் சொல்லி அனுப்புவது நெல்லுக்குரியவரின் பொறுப்பு. உமி நீங்கிய அரிசியின் எடையில் 8 முதல் 10 சதவிகிதம் வரை தவிடாகப் போகும்படி தீட்டினால் அரிசி பளபளக்கும். 4 அல்லது 5 சதவிகிதத்தில் நிறுத்தினால் சத்தும் மிஞ்சும், அரிசியும் கூடும். வெண்மையைக் கௌரவமாக எண்ணி, சத்துள்ள பாகத்தை மாட்டுத் தொட்டிக்கு அனுப்பிவிட்டு, மிஞ்சியதைப் பிள்ளைகளுக்கு இடுவது விவேகமாகாது. பச்சரிசி உண்ணும் வழக்கமுள்ள குடும்பத்தாருக்கு இவ்வெச்சரிக்கை இருமடங்கு பொருந்தும்.

இவ்வுயிர்ச்சத்து நீரில் கரைவது. பச்சரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவினால், மிஞ்சியிருந்த சத்தில் ஏறக்குறைய பாதி கழுநீரோடு போய்விடும். புழுங்கலரிசியில் இந்நஷ்டம் மிகக் குறைவு. அரிசியைக் கல்லும் தூசியும் நீங்கும் அளவுக்கு மட்டும் கழுவுவதும், அளவான நீரில் வேகவைத்து வடிக்காமல் இறக்குவதும் நலம். வடிப்பதே வழக்கமாயின், வடிகஞ்சியைக் கொட்டாமல் குடிக்க வேண்டும். விரைவில் வேகும்பொருட்டுச் சோறு, பருப்பு ஆகியவற்றில் சமையல் சோடா இடுவது இச்சத்தை அழித்துவிடும்.

புழுங்கலரிசி ஒன்றே போதும் என்று எண்ணுவதும் தவறு. கேழ்வரகில் 100 கிராமுக்கு 0.42 மில்லிகிராமும், துவரம்பருப்பில் 0.45 மில்லிகிராமும், பச்சைப்பயற்றில் 0.47 மில்லிகிராமும், நிலக்கடலையில் 0.90 மில்லிகிராமும் தயமின் உண்டு. புழுங்கலரிசியும் உளுந்தும் கூடிய இட்டலி இவ்வகையில் சிறந்த ஆகாரம். நெல் அறுத்த தாளில் உளுந்தும் பயறும் விதைத்து எடுக்கும் டெல்டா விவசாயி, தம் வீட்டுக்கு வேண்டியதை முதலில் ஒதுக்கி வைத்துவிட்டு மிஞ்சியதை விற்பாராயின், நிலமும் வளம் பெறும். குடும்பமும் நலம் பெறும்.

நிலச் சொந்தக்காரரும் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டியவை

பெரிபெரி முற்றும் ஒழிந்த பழங்கதை என்று கருதலாகாது. கம்போடியாவிலும், நம் நாட்டில் காஷ்மீரப் பள்ளத்தாக்கிலும், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகள் தயமின் குறைவால் ஆபத்தான நிலையில் ஆஸ்பத்திரிக்கு வந்ததை மருத்துவர்கள் இந்நூற்றாண்டிலும் எழுதியிருக்கின்றனர். தாய்மார் தீட்டிய அரிசியையே பெரிதும் உண்பதும், பிரசவத்திற்குப் பின் பத்தியம் என்று பல ஆகாரங்களை விலக்குவதும் அங்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. மழைக்கால வெள்ளத்தில் பாதை அடைபட்டு, பல வாரங்கள் அரிசியை மட்டும் நம்பி வாழ நேரும் இடங்களிலும், மதுப் பழக்கத்தால் ஆகாரம் குன்றியவரிடத்தும் இவ்வியாதி தலைகாட்டும்.

ஆதலின் பிள்ளை பெற்ற தாய்க்குப் பத்தியம் வைக்கும் வீடுகளில் புழுங்கலரிசியும் பருப்பும் பயறும் விலக்கப்படாமல் இருக்கும்படி பெரியோர் பார்த்துக்கொள்ள வேண்டும். அறுவடைக் கூலியை நெல்லாக அளக்கும் நிலச் சொந்தக்காரர், தம் அவிக்கும் தொட்டியையும் களத்தையும் கூலியாட்களும் பயன்படுத்த இடங்கொடுப்பது பெரிய தர்மம். உழைப்பவர் கால் தளராதிருப்பது நிலத்துக்குரியவருக்கும் நன்மையே. கிராம அதிகாரிகள் பிறப்பு இறப்புகளைப் பதியும்போது, குழந்தை இறந்த வயதை மாதக் கணக்கில் தவறாமல் குறிக்க வேண்டும். ஒரே ஊரில் இரண்டு மூன்று குழந்தைகள் குரல் ஒடுங்கி இறந்ததாகச் செய்தி வந்தால், ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அன்றே தெரிவிப்பது கடமை. காலத்தில் தயமின் ஊசி போட்டால் இத்தகைய குழந்தை பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே தேறிவிடும். ஒரு நாள் தாமதித்தால் பயனில்லாமற்போகலாம்.

ஜாவாவின் சிறைகளிலும் மலாய் நாட்டுக் காடுகளிலும் பலர் உயிரிழந்து வெளிப்பட்ட உண்மை, நம் வீடுகளில் அவிந்துகொண்டிருக்கும் நெல்லிலேயே அடங்கியிருந்தது. அவ்வழக்கத்தை நாற்றமின்றியும் நஷ்டமின்றியும் நடத்தும் முறையை ஆராய்ச்சி இப்போது கொடுத்திருக்கிறது. விளைந்த நெல்லின் சத்து வீட்டுப் பானை வரை வந்து சேருமாறு செய்வதும் விவசாயத்தில் ஒரு பகுதியே என்பதை நெல் பயிரிடுவோர் ஒவ்வொருவரும் மனத்திற் கொள்வார்களாக.